அம்மா என்றால் ஓடு

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா எல்லாரும் உண்டு. யாருக்கும் முகம் கிடையாது, எல்லாம் ஆட்டத்தின் பெயர்கள். 'மாமா' என்று கத்தினால் பந்து கூடைக்கு அடியில் நிற்கும் எங்கள் உயரக்காரி நெட்டைக்குப் போக வேண்டும். கேட்டதை வாங்கித் தருகிறவர் மாமாதானே. 'அத்தை' என்றால் எதிராளியின் வழியை மறித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு விளக்கம் தேவையில்லை. 'சித்தி' என்றால் ஆளை மாற்றிக்கொள், உன் ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன். 'பெரியப்பா' என்றால் அவசரம் வேண்டாம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்து. எங்கள் பெரியப்பா ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

'அம்மா' என்றால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடு. அதாவது பந்து எதிரணியிடம் போய்விட்டது, திரும்பிப் பார்க்காமல் நம் கூடைக்கு ஓடிக் காவல் நில். சின்ன வயதில் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் என்ன செய்வோமோ, அதேதான்.

எல்லாம் என் மூளையில் உதித்தவை. முன்பு எண்களைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம். மற்ற கல்லூரிக்காரிகள் இரண்டு ஆட்டம் பார்த்தாலே எந்த எண்ணுக்கு என்ன என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார்கள். குடும்பத்தை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தடவை எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய், "சார், இந்தப் பொண்ணு எங்க பிள்ளைங்களோட சொந்தக்காரங்களை இழுத்துத் திட்டுது" என்று புகார் செய்தார். நடுவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அவங்க அத்தை உன்னை என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். அந்த ஆட்டம் முழுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே ஆடினோம்.

பந்தைத் தட்டிக்கொண்டு போய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவள் நான். என் பட்டப்பெயர் சைரன். குரலுக்காக வந்த பெயர். வீட்டில் மெதுவாகப் பேசு என்று திட்டு வாங்கிக் கொடுத்த அதே குரல்தான் மைதானத்தில் சோறு போட்டது. இறுதியாண்டு. இந்த வருடத்தை விட்டால் எனக்குக் கோப்பை கிடையாது.

அரையிறுதியில் அது நடந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம், நாங்கள் ஒரே ஒரு கூடை முன்னால் இருந்தோம். நான் பந்தோடு உள்ளே புகுந்து எம்பினேன். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து எதிரணியின் கைக்குப் போனது. நான் இறங்கும்போது என் கால் தரையில் இறங்கவில்லை, இன்னொருத்தியின் ஷூவின் மேல் இறங்கியது. முட்டி உள்பக்கமாக மடங்கியது. ஈரத்துணியை ஓங்கி உதறினால் வருமே, அப்படி ஒரு சத்தம் உள்ளே கேட்டது. வலி வருவதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"அம்மா!"

வலித்தால் மனுஷி வேறு என்னதான் கத்துவாள்? இந்தக் கேள்வி அந்தப் பெயரை வைத்தபோது எனக்கு வரவில்லை. எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை.

நான்கு பேரும் திரும்பி ஓடினார்கள்.

கன்னத்தைத் தரையில் வைத்தபடி பார்த்தேன். நான்கு முதுகுகள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்காமல், போட்டது போட்டபடி ஓடினார்கள். அந்தக் கோடியில் எதிரணியை மறித்து, பந்தையும் பறித்தார்கள். நெட்டை அங்கிருந்தே என் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சரியான நேரத்தில் கூப்பிட்டாய் என்று அர்த்தம். பந்தைக் கொடுக்க ஆள் தேடியபோதுதான் நான் நிற்கவில்லை, கிடக்கிறேன் என்பது அவள் கண்ணில் பட்டது. உயர்த்திய கட்டைவிரலை இறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது கைதட்டினார்கள். நெட்டை கூடவே ஓடிவந்து, "வலிக்குதாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். அவர்கள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமில்லாத கோபம் என்று எனக்கே தெரியும். தெரிந்துவிட்டால் கோபம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுமா என்ன?

ஸ்கேன் முடிவைக் கேட்கப் போன அன்று அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போனேன். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் கிழிந்த துணியைக் காட்டுகிற மாதிரி விரலால் காட்டினார்.

"ரெண்டு ஜவ்வு அறுந்திருக்கு, நடுவுல இருக்கிற குருத்தெலும்பும் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். நடக்கலாம், படி ஏறலாம், வண்டி ஓட்டலாம். எம்பிக் குதிக்கிறதை மட்டும் மறந்துடும்மா."

'மறந்துடும்மா'வாம். அவர் வாயிலும் அந்த வார்த்தை. எல்லார் நாக்கிலும் நாளெல்லாம் உருள்கிற வார்த்தையை எடுத்து ஆட்டம் கட்டினேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனை இறுதிப் போட்டிக்கு அப்புறம் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். நேராக அம்மாவிடம் போனேன்.

அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத கூடம். படுக்கை விரிப்புகளை ஓர் உருளை இயந்திரம் ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சுடச்சுடத் துப்பும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனைகளையும் பிடித்து மடிக்க வேண்டும். அன்றைக்கு ஜோடிக்காரி வரவில்லை. அம்மா தனியாளாக ஒரு முனையைத் தாடையில் அழுத்திக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று கையை நீட்டினேன். இரண்டு முனைகளை என்னிடம் கொடுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். அம்மா விரிப்பை உதறினாள். மடித்தாள். என் பக்கம் நடந்து வந்து தன் முனைகளை என் கையில் வைத்தாள், குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி விலகிப் போனாள். சாதாரணமாக இருவரும் பாதிப் பாதி வழி நடக்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒவ்வொரு விரிப்புக்கும் முழு வழியையும் அம்மாதான் நடந்தாள்.

"அப்ப இனிமே ஆட முடியாது" என்றாள் கடைசியில்.

"முடியாது."

"வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

இயந்திரம் இன்னொரு விரிப்பைத் துப்பியது. அம்மா அதை எடுக்காமல் நின்றாள்.

"விழுந்ததும் அம்மான்னுதான் கத்தினியாமே. நெட்டை சொன்னா."

"ஆமா."

"நான் அந்நேரம் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். இந்த மெஷின் சத்தத்துல பக்கத்துல பேசுறதே கேக்காது. ஆனா அன்னிக்கு மனசு என்னமோ ஒரு மாதிரியா இருந்துச்சு."

அது ஆட்டத்தின் பெயரும்கூட என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து யாரும் எதற்கும் அவளைத் தேடியதில்லை, வேலை சொல்வதற்குத் தவிர. மகள் கீழே விழுந்து தன்னைக் கூப்பிட்டாள் என்பதை அவள் வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள் என்று தெரிந்தது.

"ஃபைனலுக்கு நான் வரேன்" என்றாள்.

"நான் ஆடலையேம்மா."

"நீ ஆடுறதைப் பாக்கவா வரேன்? நீ உக்காந்திருக்கிறதைப் பாக்க வரேன். கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருக்கணும்ல."

வீட்டில் படுத்துக்கொண்டு நான் விட்டத்தைப் பார்த்த நாட்களில் அணி என்னைப் பார்க்க வந்தது. கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று, பழங்களை வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் இப்போது ஆடுகிறவள் சுண்டு. இரண்டாம் ஆண்டு, என் தோள் உயரம், நல்ல கை. ஆனால் அவள் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். கதவோரமாக நின்றுகொண்டு என் காலைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். என் இடம் கிடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற முகம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நெட்டை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "திட்டுடி. நாலு அறை வேணும்னாலும் விடு. இப்படி உம்முன்னு இருக்காத."

"எதுக்குத் திட்டணும்? சொன்னபடிதானே ஓடினீங்க."

"நீ கத்துறது எங்களுக்கு..."

"சரியாத்தான் ஓடினீங்கன்னு சொல்றேன்ல. பழம் வேணாம், எடுத்துட்டுப் போங்க."

நெட்டை அழுதாள். ஆறடிக்குப் பக்கமான ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து அழுதால் கட்டில் ஆடுகிறது, என் முட்டி வலியில் உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்கள் போன பிறகு நான் ஒரு கணக்குக்கு வந்தேன். கோப்பை கிடைத்தாக வேண்டும். கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் ஓடியது சரி. என்னைத் தரையில் விட்டுவிட்டு ஓடினார்கள், அதனால் ஜெயித்தோம், அதனால் கோப்பை வந்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லாததற்கு விட்டுவிட்டு ஓடினார்கள். அறுந்த காலோடு அதையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது.

மறுநாளே ஊன்றுகோலோடு பயிற்சிக்குப் போனேன். நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர், விசிலைக் கடித்து அதன் வாயே சப்பையாகிப் போயிருக்கும் மனிதர், என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமா நடந்தது. அத்தை நடந்தது. எல்லாம் கொஞ்சம் சோகையாக நடந்தன. பிறகு பந்து கைமாறியது, சுண்டு வாயைத் திறந்தாள்.

"வீடு!"

"என்ன வீடு?" என்று நான் கத்தினேன்.

ஆட்டம் நின்றது. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அந்த வார்த்தையை மாத்திட்டோம்மா. இவங்களால அதைக் கத்த முடியல. வாய் வரைக்கும் வருது, அதோட நின்னுடுது."

"வீடுன்னா உங்களுக்குக் கால் ஓடுதா? இப்பப் பாத்தேனே. யாரோ முகவரி கேட்ட மாதிரி யோசிச்சிட்டு நிக்கிறாளுங்க. வருஷக்கணக்கா அம்மான்னாதான் ஓடியிருக்கீங்க. அதே வார்த்தைதான். நான் கத்துறேன், ஓடுங்க."

"சைரன், வேணாம்டி" என்றாள் நெட்டை.

"அம்மா!"

ஒருத்தியும் அசையவில்லை. எல்லார் கண்ணும் என் முட்டிக்கு வந்தன. மறுபடி கத்தினேன். இரண்டு பேர் ஓடினார்கள், இரண்டு பேர் ஓடுவதா வேண்டாமா என்று தவித்தார்கள், சுண்டு பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "திரும்பிப் பாக்காத! அம்மா கூப்பிடும்போது திரும்பிப் பாத்தா வீடு போய்ச் சேருவியா?" என்று அவளை விளாசினேன். தினமும் போனேன். தினமும் தொண்டை கட்டுகிறவரை அந்த ஒரு சொல்லைக் கத்தினேன். நாட்கள் போகப் போக அவர்கள் ஓடினார்கள். முகம் இறுகிப்போய், தண்டனை வாங்குகிறவர்கள் மாதிரி, ஆனாலும் ஓடினார்கள். எனக்கு அது போதும்.

ஒருநாள் எல்லாரும் போன பிறகு சுண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "அக்கா, நீங்க கத்துறப்ப நிஜமாவா, ஆட்டத்துக்கான்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகமா இருக்கு."

"நிஜமா வலிச்சா நான் இனிமே வேற ஏதாவது கத்துறேன். போதுமா?"

"வேற என்னக்கா கத்துவீங்க?"

நல்ல கேள்வி. "உன் பேரைக் கத்துறேன், போடி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இறுதிப் போட்டி பெரிய உள்ளரங்கில் நடந்தது. அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கைகளில் சோப்பு வாசனை. எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையிலேயே இடம் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் அவளுக்குச் சுத்தமாகப் புரியாது. பந்து எங்கே போனாலும் அவள் என் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் திரும்பாமலே சொல்லிவிடுவேன்.

சுண்டு என்னை ஆச்சரியப்படுத்தினாள். குரல் எழும்பாவிட்டாலும் கண்ணாலும் கையாலும் நடத்தினாள். கத்த வேண்டியதை பெஞ்சிலிருந்து நான் கத்தினேன். "மாமா!" என்றேன், நெட்டை போட்டாள். "அத்தை!" என்றேன், எதிராளி ஒருத்தி மோதி நின்றாள். இரண்டு தடவை "அம்மா!" என்றும் கத்தினேன். ஓடினார்கள். முதல் தடவை பின்னாலிருந்து அம்மா பதறி எழுந்தாள். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். என்ன ஏது என்று சொல்ல அப்போது எங்கே நேரம்? இரண்டாவது தடவையும் எழுந்தாள், உட்கார்ந்தாள். ஆட்டத்தின் முக்கால் பாகமும் பின்தங்கியிருந்த நாங்கள் கடைசியில் ஒரு புள்ளி முன்னால் வந்தோம். ஆட்டம் முடியப் போகிறது, பந்து எங்களிடம் இருக்கிறது, பெரியப்பாவைக் கூப்பிட்டு நேரத்தைக் கடத்தினால் போதும்.

"பெரியப்பா!" என்றேன். சுண்டு பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். நெட்டைக்குக் கொடுத்தாள், திரும்ப வாங்கினாள். மறுபடி கொடுக்கும்போது நடுவில் ஒரு கை வந்தது. பந்து போய்விட்டது.

நான் எழுந்தேன். காலை மறந்து எழுந்தேன். ஊன்றுகோல் சறுக்கி மரத் தரையில் தடால் என்று விழுந்தது, நான் பெஞ்சின் முதுகைப் பிடித்துத் தொங்கினேன். எனக்கு எந்த வலியும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. பந்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் இல்லை. இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அம்மா!"

நெட்டை திரும்பினாள். எங்கள் கூடைக்கு அல்ல, என் பக்கம். ஊன்றுகோல் உருள்வதையும் நான் தொங்குவதையும் பார்த்தாள், ஓடி வந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். அவளுக்கு முன்னாலேயே சுண்டு.

"என்கிட்ட இல்லடி! அங்க ஓடுங்கடி! பந்து, பந்து!"

சுண்டு வழுக்கிக்கொண்டு வந்து என் இடுப்பைப் பிடித்தாள். நெட்டை என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர்கள் தோள்களுக்கு இடையே பார்த்தேன். அந்தக் கோடியில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். நம்ப முடியாமல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாக எம்பி, பந்தை உள்ளே வைத்தாள். மணி அடித்தது.

அரங்கத்தின் மறுபாதி ஒரே கூச்சல். மாஸ்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி வந்தீங்க?" என்று நெட்டையின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அன்னிக்கு வர வேண்டியவங்க ஏண்டி இன்னிக்கு வந்தீங்க? ஆட்டத்துக்குத்தாண்டி கத்தினேன்! எத்தனை நாளு சொல்லிக்கொடுத்தேன்!"

"முடியலடி" என்றாள் நெட்டை. "இன்னொரு தடவை உன்னை விட்டுட்டு ஓட முடியல."

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் கேட்ட நாலு அறையையும் அப்போதே கொடுத்திருப்பேன், என்னைத் தாங்கிப் பிடித்திருந்தது அவள் கையாக இல்லாவிட்டால். சுண்டு என் இடுப்பை இன்னும் விடவில்லை. வியர்வையும் அழுகையுமாக ஐந்து முகங்கள் என்னைச் சுற்றி. அவர்களை விலக்கிக்கொண்டு ஆறாவது முகம் உள்ளே வந்தது. அம்மா. தடுப்புக் கம்பியை எப்படித் தாண்டினாள் என்று தெரியவில்லை, ஒரு செருப்பு காணவில்லை. கீழே மண்டியிட்டு இரண்டு கையாலும் என் முட்டியைப் பொத்திக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "கூப்பிட்டல்ல? முதல்ல ரெண்டு தடவை கூப்பிட்டப்ப நீ உக்காரச் சொன்ன, இந்தத் தடவை உக்காரல. வந்துட்டேன்."

அந்த அரங்கத்தில் அந்தச் சொல்லை ஆட்டம் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான். கோப்பை போய்விட்டது, கால் போய்விட்டது, இனி எந்தக் கணக்கும் போட வழியில்லை. கூப்பிட்டது உன்னை இல்லை என்று இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"என்னைத்தானே கூப்பிட்ட?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"வலிக்குதா?"

பழைய பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அம்மாவின் கைகள் முட்டியின் மேல் சூடாக இருந்தன, இப்போதுதான் இயந்திரத்திலிருந்து வந்த துணி மாதிரி.

"ரொம்ப வலிக்குதும்மா" என்றேன்.